ஹசிந்தா சட்டியைத் தட்டினால்

ராச்டேல்,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் ஹெய்லிக்கு அப்பா எழுதிக்கொள்வது. என் வலது முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளை டேரனும் என் செல்லப் பேத்தி எல்சியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அந்த முழங்காலும் அடங்கிவிடும். அப்பா போய்க் கடிதம் எழுதுகிறாரே, யாராவது செத்துப்போனார்களா என்று உறையைக் கிழிக்கும்போது பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. வாடகைத் தோட்டத்தில் நான் போட்ட அவரைக்கொடிதான் மழையில் அழுகிச் செத்தது, நான் வைத்த செடி பிழைத்தால்தான் செய்தி என்கிறாள் உன் அம்மா. தொலைபேசியில் நான் வாயைத் திறந்தாலே உனக்குச் சிரிப்பு வருகிறது, குற்றம் உன்னுடையது இல்லை, பிறந்ததிலிருந்து உன்னைச் சிரிக்க வைத்தே பழக்கிவிட்டேன், இப்போது நான் நடுங்கிக்கொண்டே பேசினாலும் எப்போது சிரிக்கலாம் என்று காத்திருக்கிறாய். பின்னாலிருந்து டேரன் வேறு, மாமா, இன்னிக்கு என்ன, புயலா பூகம்பமான்னு சத்தம் போடுகிறான். தாளுக்குச் சிரிக்கத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி, எல்சி தூங்கும்போது படி.

முதலில் சின்ன விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், பெரிய விஷயத்துக்குப் போக எனக்கே இன்னும் தைரியம் வரவில்லை. டேரன் தன் ஓட்டுநர் உரிமத்தை இன்னும் ஸ்பானிஷ் உரிமமாக மாற்றவில்லை என்றாய், நாளைக்கு ஒரு சின்ன மோதல் வந்தாலும் காப்பீட்டுக்காரன் கையை விரித்துவிடுவான், அவனை இந்த வாரமே அனுப்பு. நகராட்சி அலுவலகத்தில் மூன்று பேர் பெயரையும் குடியிருப்போர் பதிவில் சேர்த்துவிடுங்கள், அது இல்லாமல் மருத்துவ அட்டையும் கிடைக்காது, குழந்தைக்குப் பள்ளியும் கிடைக்காது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று கதவைத் தட்டிவிட்டு இந்த நாடே தூங்குகிறது என்று எனக்குப் புலம்பாதே, அவர்கள் தூங்கினால் நீயும் தூங்கு. கேஸ் சிலிண்டரின் ரப்பர் குழாயில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், பார்த்து மாற்று. சாலையைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பார், நான் அங்கே வந்திருந்தபோது முப்பது வருஷம் பேருந்து ஓட்டிய பெருமையில் வலது பக்கம் பார்த்துக்கொண்டு கம்பீரமாக இறங்கி, ஒரு தக்காளி லாரிக்காரனிடம் என் தாயையும் பாட்டியையும் பற்றிய புதுத் தகவல்கள் கேட்டுக்கொண்டேன். அப்புறம் அந்த ஆங்கிலேயர் மதுக்கடையில் டேரன் எந்நேரமும் உட்கார வேண்டாம். அங்கே கிடைக்கிற புத்திமதி எல்லாம் நம் ஆட்கள் நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொள்வது. எனக்கும் ஒரு சிவந்த மூக்குக்காரர் முதுகில் தட்டிச் சொன்னார், இங்க வருஷத்துக்கு முந்நூறு நாள் வெயிலுப்பா, மழைக்கோட்டைத் தூக்கிக் குப்பையில போடுன்னு. நானும் கண்ணாடிக் கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொன்னேன். மீதி அறுபத்தைந்து நாளில் என்ன நடக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் நீ ஒரு வீடியோ அனுப்பினாயே, உங்கள் வீட்டை ஒட்டிக் கிடக்கும் அந்த வறண்ட காட்டாற்றில் தண்ணீர் வந்தது என்று, கூடவே ஏழெட்டு சிரிக்கிற முகங்களையும் போட்டிருந்தாய். முதல் தடவை பார்த்தபோது நானும் சிரித்தேன். அப்புறம் தினமும் பார்க்க ஆரம்பித்தேன், இப்போது கண்ணை மூடினாலும் ஓடுகிறது. எல்சி தன் மூன்று சக்கர வண்டியை ஆற்று மணலில் விட்டுவிட்டு உன்னிடம் ஓடி வருகிறாள். எங்கேயோ சட்டியைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. மேட்டு வீட்டு ஹசிந்தா உங்கள் கேட்டருகே நின்று கத்துகிறாள், நீ உன் அழகான ஸ்பானிஷில், நாங்க நல்லாத்தான் இருக்கோம், ரொம்ப நன்றின்னு சொல்லி கேட்டைச் சாத்துகிறாய். கிழவிக்கு இன்னிக்கு என்னவாம்னு டேரன் கேட்கிறான், ஆட்டுக்கு ஏதாவது ஆயிருக்கும்னு நீ சொல்கிறாய். கொஞ்ச நேரம் எல்சி எதையோ பாடுகிறாள். அதற்கப்புறம் வளைவைத் தாண்டி அந்தப் பழுப்பு நிற நாக்கு நீண்டு வருகிறது, முதலில் மெல்ல, பிறகு மெல்ல இல்லை. எல்சியின் வண்டியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, ஏதோ கடையில் பொருள் பொறுக்குகிற மாதிரி எடுத்துக்கொண்டு போகிறது. என் வண்டி போகுது, டாட்டான்னு எல்சி கை ஆட்டுகிறாள். நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். ஹெய்லி, அந்த வீடியோவில் வானத்தைப் பார்த்தாயா? ஒரு பொட்டு மேகம் இல்லை, துடைத்து வைத்த மாதிரி நீலம்.

இதுதான் கண்ணு என்னைத் தின்கிறது. நாம் ராச்டேல்காரர்கள், தாய்ப்பாலோடு மழையையும் குடித்தவர்கள், காலையில் திரையை விலக்கி வானத்தைப் பார்த்துத்தான் அன்றைய பொழுதையே முடிவு செய்வோம். அங்கே வானத்தைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. மழை உங்கள் வீட்டில் பெய்ய வேண்டாம், மலைக்கு அந்தப் பக்கம் பெய்தால் போதும், உனக்கு மூக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் வந்து நிற்கும். நான் வந்திருந்தபோது ஹசிந்தா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கீழறையில் எல்சியின் தொட்டில்கட்டிலுக்கு மேலே சுவரில் என் தோள் உயரத்துக்குக் கை வைத்து, இதுவரைக்கும் வந்துச்சுன்னு சொன்னதை நீதான் மொழிபெயர்த்தாய். அதற்கு இந்த மேதாவி என்ன சொன்னேன்? குடையோட பொறந்தவங்க நாங்க, எங்களுக்கா மழை காட்டுறீங்கன்னு கேளுன்னேன். நீ சிரித்துக்கொண்டே கேட்டாய், அவள் சிரிக்கவில்லை.

நான் வியாழக்கிழமைகளில் நூலகத்தில் ஸ்பானிஷ் படிக்கப் போவது உனக்குத் தெரியும். இங்கிலீஷே ஒழுங்கா வராத மனுஷன் எதுக்கு இன்னொரு பாஷையைக் கெடுக்கப் போறீங்கன்னு உன் அம்மா கேட்டாள். போன வாரம் வகுப்பில் பேத்தியைப் பெருமையாகக் காட்டலாம் என்று அந்த வீடியோவை எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். எல்சி டாட்டா சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் டீச்சர் நூரியா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்த நாட்டில் முர்சியாப் பக்கத்துப் பெண், உன் வயதுதான் இருக்கும். திரும்பப் போடச் சொன்னாள், படத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்து சத்தத்தை மட்டும் கேட்டாள். அந்த அம்மா சட்டியைத் தட்டின அப்புறம் உங்க பொண்ணு என்ன பண்ணாங்கன்னு கேட்டாள். நன்றி சொல்லிட்டு கேட்டைச் சாத்திட்டா, ரொம்ப மரியாதையான பொண்ணுன்னு சொன்னேன். நூரியா சொன்னாள், சார், அது ஆட்டுக்காகத் தட்டுற சத்தம் இல்ல, ஓடுங்கன்னு தட்டுற சத்தம். ஜூலையில வந்தது ஒண்ணுமே இல்ல, கோடை முடியுறப்போ வரும் பாருங்க, அதுதான் தண்ணி.

நான் அங்கிருந்து ஊருக்குக் கிளம்பியபோது ஹசிந்தா ஒரு பை பாதாம் கொடுத்து அதன்மேல் தன் தொலைபேசி எண்ணை எழுதித் தந்தாள், பாதாம் தீர்ந்தால் ஆர்டர் கொடுக்கச் சொல்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் நூரியாவைக் கெஞ்சி உட்கார வைத்து அந்த எண்ணுக்குப் போட்டோம். நான் பெயர் சொன்னதும் அந்தப் பக்கம் ஹசிந்தா, யாரு, அந்தக் குடைக்காரரான்னு கேட்டாள். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல? அவள் தம்பி மலைமேல் ஆடு மேய்க்கிறானாம், அந்தப் பக்கம் கறுத்தால் அவன் அவளுக்குப் போன் போடுவானாம், அவள் சட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவாளாம். இந்த வருஷம் ரெண்டு தடவை வந்தேன், ரெண்டு தடவையும் உங்க பொண்ணு நன்றின்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டா, ஒரு தடவை கையில பிஸ்கட் வேற கொடுத்தனுப்பினான்னு சொன்னாள். அப்புறம் சொன்னாள், நல்ல பொண்ணுதான், மரியாதைக்காரி, ஆனா மரியாதையாலேயே முழுகிப் போயிடுவா. உங்க பொண்ணு இருக்கிறது எங்க சித்தப்பா கட்டின வீடு, அவர் பொண்ணு அந்தக் கீழ் ரூம்லதான் தூங்கிட்டிருந்தா, மூணு வயசு, அன்னிக்கும் வானம் நீலமாத்தான் இருந்துச்சு, வீடு வாங்கின சந்தோஷத்துல இருக்கிறவங்ககிட்ட இதைப் போய் எப்படிச் சொல்றது. இதையெல்லாம் நூரியாதான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

உன்மேல் எனக்குக் கோபமே இல்லை கண்ணு. அந்த மரியாதை என்னிடமிருந்து வந்த வியாதி. குடல்வால் வெடிக்கப்போகும் வலியில் பயணிகளுக்குச் சிரமம் வேண்டாம் என்று மான்செஸ்டர் வரை பேருந்தை ஓட்டி முடித்து, எல்லோரையும் இறக்கிவிட்டு, அதற்கப்புறம் விழுந்தவன் உன் அப்பன். ஆம்புலன்ஸ்காரனிடம் நான் சொன்ன முதல் வார்த்தையே தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க என்பதுதான். நம்மூரில் இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு பிழைத்துவிடலாம், ஆம்புலன்ஸ் வந்துவிடும். அங்கே, நாங்க நல்லாத்தான் இருக்கோம் என்ற ஒரு வார்த்தைக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் பாட்டுப் பாடுகிற நேரம்தான் இருந்தது, நீயே எடுத்த வீடியோவில் இருக்கிறது.

திரும்பி வந்துவிடு என்று எழுதச் சொன்னாள் உன் அம்மா, எழுதவில்லை. கையிலிருந்த எல்லாவற்றையும் அந்த வீட்டில் போட்டிருக்கிறீர்கள், அந்த வெயிலில் உன் முகம் மலர்ந்திருந்ததையும் பார்த்தேன். இருங்கள். ஆனால் இந்தக் கடிதத்தை மடிப்பதற்குமுன் எல்சியின் கட்டிலை மாடிக்கு ஏற்று. கீழறைதான் குளிர்ச்சி என்று சொல்லாதே, வேர்க்குரு வந்தால் பவுடர் போட்டுக்கொள்ளலாம். காரை ஆற்று மணலில் நிறுத்தாதீர்கள், ஹசிந்தா வீட்டு மேட்டில் நிறுத்துங்கள், தண்ணீர் வரும்போது காரை எடுக்க டேரன் இறங்கினான் என்றால் கார் தனியாகப் போகாது. ஓடுகிற தண்ணீரில் வண்டியை இறக்காதே, எனக்குப் பேருந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் முதலில் சொன்னது அதுதான், முழங்கால் அளவு ஓட்டம் போதும், காரைக் காகிதம் மாதிரி தள்ளிவிடும். சட்டிச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறு, நைட்டியில் இருந்தாலும் ஏறு, செருப்பைத் தேடாதே, காரணம் கேட்காதே. போய்ச் சேர்ந்தபிறகு அவசர உதவி எண் 112க்குப் போன் போடு. பத்து தடவை ஏறி ஒன்பது தடவை ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்பது தடவையும் அவள் காபியைக் குடித்துவிட்டு இறங்கி வா.

கடைசியாக ஒன்று, உனக்குக் கோபம் வரும், வரட்டும். போனை வைக்கும்முன் ஹசிந்தா சொன்னாள், இனிமே நான் கதவைத் தட்டி உங்க பொண்ணுகிட்ட நன்றி வாங்கிட்டு நிக்க மாட்டேன். பின்பக்கமா வருவேன், குழந்தையை மட்டும் தூக்கிட்டு மேலே போயிடுவேன். பெத்தவங்க தானா பின்னால ஓடி வருவாங்க. நீங்க தாத்தா, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கிறேன், சரியான்னு. நான் உன்னைக் கேட்கவில்லை, டேரனைக் கேட்கவில்லை, சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். யாரைக் கேட்டு நம்ம பேத்தியைத் தூக்கிட்டுப் போகச் சொன்னீங்கன்னு பாய்ந்தாள். அப்புறம் நான் சித்தப்பா மகள் கதையைச் சொன்னேன். கிடந்த பாத்திரத்தையெல்லாம் கழுவி முடித்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டாள், அவங்களுக்குக் காதுல விழுற மாதிரி சத்தமாச் சொன்னீங்களா, சரின்னு?

நீங்கள் மூன்று பேரும் அந்த வெயிலைப் பல காலம் அனுபவிக்க வேண்டும், எல்சி அந்த மண்ணில் என்னைவிட உயரமாக வளர்ந்து என் ஸ்பானிஷைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும், இதுதான் என் ஆசியும் உன் அம்மாவின் ஆசியும். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அயல்நாட்டில் இருக்கிற மகளுக்கு எந்த அப்பனும் இப்படி எழுதியிருக்க மாட்டான். இன்றிலிருந்து மழைக்காலம் முடியும்வரை பின்கதவைத் தாழிடாதே. இரவிலும் தாழிடாதே. திருடன் வந்தால் வரட்டும், டிவியைக் கழற்றிக்கொண்டு போகட்டும். ஹசிந்தா உள்ளே வர வேண்டும்.

உன் அன்பு அப்பா,
ட்ரெவர்