ஊதாத் துணிக்குள் இருந்த ஆள்

சேசு மரி துணை

திண்டுக்கல்
28-3-1966

என் செல்ல மகள் ஜெயமேரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. சனிக்கிழமை மத்தியானம் கோயிலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாரும் வந்து உன்னிடம் கூட்டியும் குறைத்தும் சொல்லக்கூடாது. கோயில் பெருக்குகிற லூர்தம்மாள் இருந்தாள். கோயில்பிள்ளை பவுல்ராஜ் ஏணி மேலே இருந்தான். என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்ட பேகம்பூர் குதிரைவண்டி அப்பாஸ் வாசல் வேப்பமரத்தடியில் இருந்தார். பங்குச் சாமியார் சாப்பிட்டுவிட்டுப் பங்களாவில் கண் அசந்திருந்தார். உன் சித்தப்பா செபஸ்தியான் இருந்தார், எங்கே இருந்தார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நான் இருந்தேன். சேசுநாதர் எப்போதும் போல இருந்தார். வேறு ஈ காக்கை கிடையாது.

இங்கே நான், உன் அண்ணன் மிக்கேல்ராஜ், அண்ணி, பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், பம்பாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரியில் நின்று நின்று கால் வீங்காமல் இருக்கிறாய் என்று எழுதினால் இன்னும் சுகமாக இருப்போம். கடிதத்தை அண்ணனை எழுதச் சொல்லவில்லை, அவன் வாத்தியார், எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் நான் சிரிக்கிற இடத்தில் எல்லாம் அவன் புள்ளி வைத்துவிடுவான். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்து வாசி தாயி. நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை, காலையில் இட்லிக்கு அரைத்த மாவில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன், அண்ணி முகத்தைச் சுளித்தாள், நான் அதற்கும் சிரித்தேன்.

மே மாதம் என் கல்யாணப் பூசையிலாவது என் பக்கத்தில் முழங்கால் போட்டு நன்மை வாங்குவீங்களா அம்மா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் இதையேதான் கேட்டாய். எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போய் நற்கருணை அப்பத்தை நன்மையாக வாங்குவார்கள், நான் மட்டும் தூணோரம் உட்கார்ந்திருப்பேன், விடிகாலையில் மறந்து தண்ணீர் குடித்துவிட்டேன், அதனால் வாங்கக்கூடாது என்று உன்னிடம் சொல்வேன். வாரா வாரம் ஒருத்தி மறந்து தண்ணீர் குடிப்பாளா? பிறகு தண்ணீர் குடித்தால் குற்றமில்லை என்று ரோமாபுரியிலேயே சட்டத்தை மாற்றிவிட்டார்கள், எனக்கு அந்தப் பொய்யும் போயிற்று. உண்மை என்னவென்றால் நான் உன் சித்தப்பாவை மன்னிக்கவில்லை, மன்னிக்காதவளுக்குப் பாவப் பொறுத்தல் இல்லை, பாவப் பொறுத்தல் இல்லாதவளுக்கு நன்மை இல்லை. இருபத்திரண்டு வருஷம்.

நீ எரியோட்டில் உன் ஆச்சி வீட்டில் பிறந்தாய். பிறந்த மூன்றாம் நாள் உன் அய்யா இங்கே விஷக்காய்ச்சலில் போய்விட்டார். பச்சை உடம்போடு உன்னைத் துணியில் சுற்றி மாட்டுவண்டியில் வந்து இறங்கினேன், பெட்டியை மூடிவிட்டார்கள். சாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தாரா, சாகிற நேரத்தில் அந்த எண்ணெய் அவர் நெற்றியில் பட்டதா என்று உன் சித்தப்பாவைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, இல்ல மதினி, நான் கூப்பிடல என்றார். அவ்வளவுதான். சாமியார் பங்களா இரண்டு தெரு தள்ளி. கூடப் பிறந்தவர் நான்கு நாளாக இழுத்துக்கொண்டு கிடக்கிறார், இரண்டு தெரு நடக்க இந்த மனுஷனுக்குக் கால் இல்லையா என்று அன்றைக்கு மனசில் பூட்டியதுதான். அவர் இரண்டாம் பூசைக்குப் போகிற ஆள், நான் முதல் பூசைக்கு மாறிக்கொண்டேன், அவர் முகத்தில் விழிக்கவில்லை. அப்போது இருந்த வயதான சாமியாரிடம் போய் எல்லாம் சொன்னேன். மன்னிக்க முடியலன்னா முடியலன்னு ஆண்டவர்கிட்டயே சொல்லு, ஆனா தெனம் அவன் பேரச் சொல்லி ஒரே ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லு, ஒரு நாளும் விடாத, கோயிலுக்கு வாரதையும் விடாத என்று சொன்னார். நானும் விடவில்லை. பக்தியாகச் சொன்னேன் என்று நினைக்காதே, அம்மியில் மிளகாய் வைத்து நசுக்குகிற மாதிரி அவர் பேரை நசுக்கி நசுக்கிச் சொன்னேன். அம்மை போட்டுக் கிடந்தபோதும் சொன்னேன். ஆனால் நிம்மதி மட்டும் வரவில்லை. உடம்பு பாயில் படுத்திருக்கும், மனசு எழுந்து போய் அந்தக் காய்ச்சல் கட்டில் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும்.

சரி, மகள் கல்யாணத்துக்கு முன்னால் இன்னொரு தரம் முட்டிப் பார்ப்போம் என்று சனிக்கிழமை புறப்பட்டேன். சாயங்காலம் போனால் பாவசங்கீர்த்தனத்துக்குத் தெருவே வரிசையில் நிற்கும், வியாகுலம்மாள் வந்துட்டா பாருங்கடி என்று முதுகில் கண் வைப்பார்கள். அதனால் மத்தியானமே போய்ச் சாமியாரைக் கெஞ்சிக் கேட்போம் என்று அப்பாஸ் வண்டியில் ஏறினேன். இந்த வெயில்ல கோயில்ல என்னம்மா வேல என்றார். பாவத்த எறக்கி வைக்கப் போறேன் என்றேன். நல்லதும்மா, திரும்பி வாரப்ப குதிரைக்குச் செத்த லேசா இருக்கும் என்றார். அந்த ஆளோடு எனக்கு ஒரு நாளும் பகை வந்ததில்லை.

உள்ளே போனால், சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கிற மரத்தொட்டியின் கதவில் ஊதா நிறம் தெரிந்தது. என் கண்ணில் புரை விழுந்திருப்பது உனக்குத் தெரியும். சாமியார் ஊதாப் பட்டை போட்டுக்கொண்டு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார், ஆண்டவரே எனக்காக எழுப்பி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். அது என்னவென்றால், பாடுகளின் ஞாயிறுக்கு முன்னால் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடுவார்கள் அல்லவா, அந்தத் துணிகளைப் பவுல்ராஜ் தொட்டிக் கதவில் போட்டுவிட்டு ஏணியில் ஏறியிருக்கிறான். உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். நான் முழங்கால் போட்டேன். சுவாமி என்னை ஆசீர்வதியும் என்று ஆரம்பித்தவள்தான், மடை திறந்த மாதிரி கொட்டினேன். என் கொழுந்தன் செபஸ்தியானை நான் வெறுக்கிறேன், அவன் செய்யிற நாற்காலி எல்லாம் கால் ஒடியணும்னு நெனச்சிருக்கேன், அவனால இருபத்திரண்டு வருசமா நான் நன்மை வாங்கல, அவன் பேருக்குத்தான் தெனம் மந்திரமும் சொல்றேன், எனக்கு இளைப்பாற ஒரு இடம் காட்டுங்க சாமி என்றேன். உள்ளே விசும்புகிற சத்தம். ஆத்தாடி, நம்ம பாவத்தைக் கேட்டுச் சாமியாரே அழுகிறாரே, நமக்கு நரகம்தான் என்று நினைத்தேன். அப்போது உள்ளே இருந்து, மதினி, நான் சாமியார் இல்ல மதினி, செபஸ்தியான், சாமியார் உக்காருற பெஞ்சுக்குப் பிரம்பு பின்ன வந்தேன் என்று குரல் வந்தது.

எழுந்த வேகத்தில் தலை மரத்தில் இடித்தது. லூர்தம்மாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நான் கதவில் கிடந்த ஊதாத் துணியை உருவி, ஏலே, பொம்பளை பாவத்த ஒளிஞ்சிருந்தா கேக்குற என்று தொட்டிக்குள் இருந்த மனுஷனை விளாசினேன். ஏணியில் இருந்த பவுல்ராஜ், பாட்டி அது றெக்க வச்ச சம்மனசு சுரூபத்துத் துணி, கிழிச்சிராதீங்க என்று கத்துகிறான். உன் சித்தப்பா துணியின் இன்னொரு நுனியைப் பிடித்துக்கொண்டு, அடிங்க மதினி, ஆனா என்னால நீங்க நன்மை வாங்காம இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அண்ணன் சத்தியத்த ஒடச்சிருப்பேன் என்றார். நானும் ஒரு நுனியை விடவில்லை. அப்படியே நின்று கேட்டேன்.

நடந்தது இதுதான் தாயி. உன் சித்தப்பா சாமியாரைக் கூப்பிடச் செருப்பு மாட்டிவிட்டார். உன் அய்யா கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். சாமியார் மணி அடிச்சிக்கிட்டுத் தெருவுல வந்தா ஆள் சாகப் போறான்னு ஊருக்கே தெரியும், சந்தைக்கு வந்த எரியோட்டு ஆளுக பொழுது சாயுறதுக்குள்ள அவகிட்டச் சொல்லிருவாக, பிள்ளப் பெத்த உடம்பு, செய்தி கேட்டா ரெண்டு உசுரும் போயிரும், போகாதடா என்றாராம். பாடுபட்ட சுரூபத்தின் மேல் சத்தியம் வாங்கினாராம். அவளுக்காகத்தான் நான் பூசுதல் இல்லாமப் போனேன்னு தெரிஞ்சா அவ தன்னையே தின்னுருவா, இல்லேன்னா அந்தப் பச்சப் பிள்ளையக் கரிச்சுக் கொட்டுவா, அதுக்கு ஒம்மேல கோவப்படட்டும், நீ தாங்கிக்க என்றாராம். அப்புறம் தம்பியை வரி வரியாகச் சொல்லச் சொல்லி, பாவத்துக்கு வருந்துகிற மனஸ்தாப மந்திரத்தைக் கூடவே சொன்னாராம், முழுதும் சொல்லி ஆமென் போட்டுத்தான் கண்ணை மூடினாராம். பொறந்தது மகளான்னு கேட்டாரு மதினி, மகதான் அண்ணேன்னேன், சிரிச்சாரு என்றார்.

வந்ததும் அப்பனை அனுப்பிவிட்டவள் என்று சொந்தக்காரர்கள் உன்னைப் பேசியது உன் காதிலும் விழுந்திருக்கும். இனி எவளாவது பேசினால் இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டு. உன்னையும் என்னையும் காப்பாற்றிவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார்.

சத்தம் கேட்டுச் சாமியார் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவருக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. உன் சித்தப்பாவை வெளியே அனுப்பிவிட்டு அவர் உள்ளே உட்கார்ந்தார், இந்தத் தரம் கையை விட்டுத் தடவிப் பார்த்து ஆள் யார் என்று தெரிந்துகொண்டுதான் ஆரம்பித்தேன். பாவப் பொறுத்தல் கொடுத்தார், உன் அய்யாவுக்காகச் செபமாலை உருட்டி ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லச் சொன்னார். செபஸ்தியானைக் கூப்பிட்டு, தொட்டிக்குள்ள கேட்டத வெளிய மூச்சு விடக்கூடாது, எனக்குள்ள சட்டம்தான் ஒனக்கும் என்றார். அவர் பயந்து போய் லூர்தம்மாள் கேட்டதற்குக் கூட வாயைத் திறக்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் எழுந்து போனேன் தாயி. நாக்கில் அந்த அப்பம் பட்டதும் இருபத்திரண்டு வருஷமாகத் தலையில் இருந்த விறகுக்கட்டை யாரோ பின்னால் நின்று மெல்ல இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன அத்தனை மந்திரத்தையும் ஆண்டவர் ஒன்று விடாமல் வாங்கித்தான் வைத்திருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து படுத்தேன், பகலிலேயே குறட்டை விட்டேனாம், பேரப்பிள்ளைகள் எண்ணிக்கொண்டு இருந்தார்களாம். வருகிற வழியிலேயே எல்லோரையும் மன்னித்துவிட்டேன். ஐம்பத்தொன்றாம் வருஷம் மாதா தேருக்குப் பூக்கட்டுகிற இடத்தில் என்னை இடித்துத் தள்ளிய லூர்தம்மாளை மன்னித்தேன், அவளுக்கு அது ஞாபகமே இல்லை, போகட்டும். நம் உலக்கையை வாங்கிப் பூண் இல்லாமல் திருப்பிக் கொடுத்தவளையும் மன்னித்தேன். உன் அண்ணியை இரண்டு விஷயத்தில் மன்னித்தேன், மூன்றாவது நாளைக்கு.

நீ ஒன்று செய். யார் மீதாவது மனசில் முள் இருந்தால் பிடுங்க வரவில்லையே என்று செபத்தை விட்டுவிடாதே, வெறும் வாயாலாவது சொல்லிக்கொண்டே இரு, அது பாட்டுக்கு வேலை செய்யும். ராத்திரி வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. கல்யாணத்தன்று உன் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போவது சித்தப்பாதான், நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், மனுஷன் இப்போதே வேட்டி வெளுக்கப் போட்டுவிட்டார். எந்தத் தேதி எந்த ரயில் என்று மறக்காமல் எழுது. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், நீ கால் வைக்கிற இடமெல்லாம் சமாதானமாக இருக்கட்டும்.

உன் அம்மா
வியாகுலம்மாள்

மடிப்பில் இன்னும் இடம் இருக்கிறது. ஒரே ஒருத்தரை மட்டும் நான் மன்னிக்கவில்லை. சாமியாரிடமும் சொன்னேன். புருசன் பொஞ்சாதி வழக்கு என் தொட்டிக்குள்ள வராது, மோட்சத்துல பார்த்துப் பேசிக்கங்க என்று சிரித்துவிட்டார். எனக்காகப் பூசுதல் இல்லாமலே செத்துவிட்டு, அதை என்னிடம் சொல்லாமலும் போன ஆளை நான் லேசில் விடுவதாக இல்லை, வாசலிலேயே நிறுத்திக் கேட்பேன். தலைப்பில் சேசு மரி என்றதோடு நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பாய், கல்யாணம் ஆன நாள் முதல் செபத்திலும் மூன்றாவதாக வருகிற, சேசுவை வளர்த்த தகப்பன் பேரை நான் முழுங்கித்தான் சொல்வேன், அது அவர் பேரில் பாதி. கட்டினவர் பேரை எழுதக்கூடாது என்பார்கள். இன்றைக்கு எழுதுகிறேன், கை கூசவில்லை, சிரிப்புத்தான் வருகிறது. சூசைமாணிக்கம்.