உன் பெயரையும் சொல்லிவிட்டேன்

அன்புள்ள நண்பா,

என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடாமல் இருந்தால், கொஞ்சம் உட்கார்ந்து படி.

நேற்று மருத்துவக் கல்லூரியில் எனக்குச் சிறந்த ஆராய்ச்சிக்கான விருது கொடுத்தார்கள். எதற்கு என்று உனக்கே தெரியும். பச்சைக் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தினால், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிப் பதினோரு வருடத்துக்கு முன் நான் எழுதிய கட்டுரைக்குத்தான்.

நன்றியுரையை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மைக் முன்னால் நின்றதும் வாயில் வேறு வந்தது.

"இதை முதலில் கவனித்தது நான் இல்லை. என்னோடு வார்டில் டாக்டராக இருந்த நண்பன். அவன் நோட்டில் எழுதியிருந்ததை வைத்துத்தான் ஆராய்ச்சியே செய்தேன். கட்டுரையில் அவன் பெயரைப் போடவில்லை."

உன் பெயரையும் சொல்லிவிட்டேன். கேடயத்தை மேசையிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

நம் வார்டு சிஸ்டர் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டார். "இதைச் சொல்லப் பதினோரு வருஷமா டாக்டர்? சரி, சொல்லிட்டீங்க. போய்ச் சாப்பிடுங்க."

சாப்பிட்டேன்டா. இரண்டு தட்டு. வீட்டுக்கு வந்து விடியும்வரை அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

இன்று காலை டீன் கூப்பிட்டார். "விசாரணை உண்டு, அதுல மாற்றமில்ல. ஆனா கேடயத்துல அவர் பேரைப் போடணும். இனிஷியல் என்ன?"

உனக்கு இரண்டு இனிஷியல். எது முதலில் வரும் என்று குழம்பி, ஒரு குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமைதான் பொறிக்கப் போகிறார்கள். தப்பாக இருந்தால் போன் பண்ணு. திட்டுவதற்கும் அதே நம்பர்தான்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவன்