பதில் மணி

உன் நோட்டைத் திறந்ததும் கரிப்புகையும் எண்ணெயும் கலந்த அந்த வாடை வந்துவிட்டது. உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு, ஆக்லாந்து பக்கம் பாபகூராவிலுள்ள உங்கள் வீட்டில் உன் தங்கை இதை என்னிடம் கொடுத்தாள். "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, உங்களுக்குத்தான் விளங்கும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்டைக்கு நடந்ததுக்கு அண்ணாவிலதான் பிழையோ?" என்று கேட்டாள். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ரயில் ஏறியும் நோட்டைத் திறக்கவில்லை. என்னைப் பற்றி என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறாயோ என்றுதான் யோசனை ஓடியது. செத்தவனைக்கூடச் சந்தேகப்படுகிற புத்தி எனக்கு, உனக்குத் தெரியாதா?

ஆக்லாந்து துறைமுகத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சுற்றும் பழைய நீராவிப் படகில் நாலு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். மேலே சுக்கான் என் பொறுப்பு, கீழே எஞ்சின் உன் பொறுப்பு. கீழே நிற்கிற உனக்குக் கடல் தெரியாது. நான் கயிற்றை இழுத்து அடிக்கிற மணியை வைத்துத்தான் எஞ்சினை ஓட்டுவாய். ஒரு மணி என்றால் முன்னே, இரண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் பின்னே. கேட்டதும் அதே எண்ணிக்கையில் நீ திரும்ப அடிக்க வேண்டும். அந்தப் பதில் மணி வந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

மேலே வந்தால் என் கையிலிருக்கும் நோட்டைப் பார்த்து, "என்ன எழுதுறீர்?" என்பாய். எங்கள் பக்கம் சமவயதுக்காரனை நீர் என்றால் நக்கல். உங்கள் யாழ்ப்பாணத்தில் அது மரியாதை என்று தெரியவே எனக்கு ஆறு மாதம் ஆனது. கதை எழுதுகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, சும்மா என்று மழுப்பினேன். பதிலுக்கு, நீ என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன்.

"மணியை எல்லாம் நேரத்தோட எழுதி வைப்பன். நாளைக்கு ஆரும் கேட்டா காட்டலாம்."

அந்த 'ஆரும்' யார்? மண்டையைக் குடைந்தது. அதற்கு முந்தைய வாரம்தான், நீ கொண்டுவந்த புட்டைத் தின்றுகொண்டே, இந்த வேலை போனால் என் விசாவும் போய்விடும் என்று உளறியிருந்தேன். உனக்கு அந்தக் கவலை இல்லை, நிரந்தர வசிப்புரிமை இருந்தது. என் குடுமியை உன் கையில் கொடுத்துவிட்டேனே என்று பயந்துபோய், அதன்பிறகு ஒரு வாரம் உன் புட்டைத் தொடவில்லை. புட்டு என்ன பாவம் செய்தது!

அந்தக் குளிர்கால முற்பகலில் படகு பின்வாங்காமல் நேராகப் போய்த் துறைமேடையில் மோதியது. ஒரு பாட்டிக்கு மணிக்கட்டு முறிந்தது. அலுவலகத்தில் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டார்கள். பதில் மணி வரவில்லை என்று நான் சொன்னேன். அது பொய்யில்லை. எல்லோரும் உன் பக்கம் திரும்பினார்கள். உன் சட்டைப்பையில் நோட்டின் விளிம்பு தெரிந்தது. நீ அதன்மேல் கை வைத்தாய், என்னைப் பார்த்தாய், கையை எடுத்துவிட்டாய். மணி கேட்கவில்லை என்று மட்டும் சொன்னாய். அதுவும் பொய்யில்லை. காதில் விழவில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் நீ பென்ரோஸில் ஏதோ கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தாய். இவன் எதையோ மனதில் வைத்துக்கொண்டுதான் பேசாமல் இருக்கிறான் என்று அதையும் சந்தேகப்பட்டேன். நீ போன் செய்தால் எடுக்கமாட்டேன். எனக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது, முதல் புத்தகம் வந்தது. உனக்கு ஒரு பிரதிகூட அனுப்பவில்லை.

நேற்று உன் நோட்டில் அந்த நாளின் பக்கத்தைப் பார்த்தேன். "10.04 ஒரு மணி. பதில் குடுத்தன். 10.09 இரண்டு மணி. பதில் குடுத்தன். 10.12 மோதல். மூண்டு மணி வரேல்லை." அவ்வளவுதான். முழு நோட்டையும் புரட்டினேன். நாலு வருடத்தில் என்னைப் பற்றி ஒரு குறைகூட இல்லை.

பிறகு அலமாரியின் அடியிலிருந்து என் நோட்டை எடுத்தேன். அதே நாள். நங்கூரத்தின் மேல் உட்கார்ந்த கடற்பறவையைப் பற்றி ஒரு வாக்கியம், பாதிச் சொல்லில் நிற்கிறது. அங்கிருந்து பேனாக் கோடு காகித ஓரம் வரை இழுபட்டுப் போயிருக்கிறது. படகு மோதியபோது என் கையில் இருந்தது பேனா, கயிறு இல்லை.

இது எனக்கு நேற்றுத்தான் தெரியும் என்றால் நீ சிரிப்பாய். ஊரையே சந்தேகப்பட்டவனுக்குத் தன்மேல் சந்தேகம் வராமலா இருக்கும்? வந்ததால்தான் இத்தனை வருடம் என் நோட்டைத் திறக்கவில்லை. நீ ஏன் உன்னுடையதைக் காட்டவில்லை என்பதும் எனக்குத் தெரியும். புட்டுத் தின்ற அன்று நான் உளறியதை நீ மறக்கவில்லை.

இன்று காலை உன் தங்கைக்குப் போன் செய்தேன். "நான் மணி அடிச்சாத்தானே உங்க அண்ணன் பதில் அடிப்பார். அன்னிக்கு நான் அடிக்கலை" என்றேன்.

"இதை அண்ணா இருக்கேக்க சொல்லியிருக்கலாமே?"

ஆமா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உன்னோடு நாலு வருடம் இருந்த வாய். உங்கள் ஊர் "ஓம்"தான் வந்தது.