ஈரச் சிம்முக்குள் குரல் இருக்குமா

மச்சான்,

இன்று கல்முனை பஸாரில் போன் திருத்தும் கடையில் ஈயம் உருகும் வாசம் மூக்கில் ஏறியதும் உன்னைத்தான் தேடினேன். நீ போய் ஒன்பது மாதமாகியும் இந்த மூக்குக்குப் புத்தி வரவில்லை. உன்னிடம் வாசிக்கத் தந்திருந்த புது நாவலில் அன்றிலிருந்து நான் ஒரு வரியும் எழுதவில்லை. என் போன் வாளித் தண்ணீருக்குள் விழுந்து செத்துக் கிடந்தது. கடைக்காரர் அதைக் கழற்ற, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவனைப் போல ஸ்டூலில் இருந்தேன்.

உன் ரேடியோ திருத்தும் கடையிலும் இப்படி ஒரு ஸ்டூல் இருந்ததே. பெரியநீலாவணையிலிருந்து சைக்கிளில் வந்து நீ கடை திறப்பதற்குள் கையெழுத்துப் பிரதியோடு வாசலில் நிற்பேன். கணினிகள் மனிதரை ஆளும் நாளைய நகரங்கள், மூளையில் கம்பி செருகிய திருடர்கள். சைபர்பங்க் எழுதுகிறேன் என்று தலைகால் தெரியாத பெருமை எனக்கு. நீயோ ஒரு ரேடியோவைப் பிரித்துக்கொண்டே வாசிப்பாய்.

"இதென்ன ஊருடா? ஒருத்தனும் சோறு திங்கிறானில்ல. கரண்ட் போனா என்ன செய்வானுகள்?"

கோபித்துக்கொண்டு போவேன். அடுத்த கிழமை திருத்திக்கொண்டு வருவேன். எந்த விமர்சகருக்கும் பயந்ததில்லை, உனக்குப் பயந்தேன்.

பிறகு சுனாமியாகக் கடல் வந்தது. உன் அக்காவைக் கொண்டுபோனது. என் வீட்டையும் அதுவரை எழுதி வைத்த அத்தனையையும் கொண்டுபோனது. இனி எழுதுவதில்லை என்று சொல்லத்தான் அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு உன்னைத் தேடி வந்தேன். நீ வகுப்பறை மேசையில் ஊறிப்போன போன்களைக் குவித்து வைத்திருந்தாய். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற பிள்ளைகளின் நம்பர்கள் அவற்றுக்குள். இங்கே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு சிம்மாகத் துடைத்து, வேறு போனில் போட்டு, நம்பர்களை வாசித்தாய். "பேனை புடிக்கத் தெரியும்தானே, எழுது" என்றாய். எழுதினேன்.

ஓர் உம்மா, கடலோடு போய் மௌத்தாகிவிட்ட மகனின் போனை நீட்டினார்.

"இதுக்குள்ள என்ட மகன்ட குரல் இரிக்குமா மனே?"

நீ போனை வாங்கித் துடைத்து அவர் கையிலேயே திருப்பி வைத்தாய். "இல்லம்மா. நம்பர்தான் இருக்கும்."

யுத்தம் முடிந்த வருடம் அதை நாவலாக்கினேன். கல்முனையிலேயே நடக்கிற கதை. கரண்ட் போகும், எல்லோரும் சோறு தின்பார்கள். கடைசியில் அந்த ஈரச் சிம்மிலிருந்து மகனின் குரல் வரும். எழுதும்போது நானே அழுதேன். நீ வாசித்துவிட்டு மேசையில் அடித்தாய்.

"அந்த உம்மாட முகத்தப் பாத்து நான் இல்ல எண்டு சொன்னன். நீ புத்தகத்துல ஓம் எண்டு சொல்றியா? வெக்கமில்லையாடா?"

மூன்று நாள் உன்னோடு கதைக்கவில்லை. பிறகு மாற்றினேன். இப்போது நாவலில் அந்தத் தாய்க்கு ஒரு நம்பர் மட்டும் கிடைக்கிறது. அழைக்கிறாள். கட்டாரில் மகனின் கூட்டாளி எடுக்கிறான். இருவரும் மகனைப் பற்றிக் கதைக்கிறார்கள். அந்தச் சில பக்கங்களுக்காகத்தான் என்னை இன்றும் எழுத்தாளன் என்கிறார்கள். பிறகு வந்த ஐந்து புத்தகங்களும் அதைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். ஒன்றிலாவது உன் பெயரைப் போட விட்டாயா? "சும்மா கரைச்சல், விடு" என்றாய். இப்போது தடுக்க நீ இல்லை, சொல்லிவிடுகிறேன். என் எழுத்தில் பொய் குறைந்தது உன்னால்தான். நன்றி மச்சான்.

கடைக்காரர் போனை மூடினார். என் வாய் தானாகக் கேட்டது. கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது.

"இதுக்குள்ள என்ட கூட்டாளிட குரல் இரிக்குமா?"

"ஓம் சேர். வொய்ஸ் மெசேஜ் எல்லாம் அப்பிடியே இரிக்கி."

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள் நீ அனுப்பியது. கடை நடுவிலேயே போட்டுக் கேட்டேன்.

"மச்சான், ஏழாம் அத்தியாயத்துல உன்ட ஆள் பற்றரிய பிளஸ் மைனஸ் மாறிக் கொழுவி வெச்சிருக்கான். புகைஞ்சு போயிரும். திருத்து."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒன்பது மாதமாகத் திறக்காத அந்தப் பிரதியை எடுத்தேன். திருத்திவிட்டேன், மச்சான். இனி புகையாது.