செருப்புக்குக் காவல் இருந்தவளுக்கு

அக்கா,

நேற்று ஆடி வெள்ளி. திருவேற்காட்டுக்குப் போயிருந்தேன். செருப்பு விடுகிற இடத்தில் இப்போது கம்பித் தடுப்புப் போட்டு ஓர் ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். செருப்பை வாங்கிக்கொண்டு தகரத்தில் நம்பர் அடித்த டோக்கன் ஒன்று கொடுத்தான். அதை முந்தானையில் முடிந்துகொண்டு வரிசையில் நின்றேன். நின்ற நேரமெல்லாம் கை அந்த முடிச்சையே தடவிக்கொண்டிருந்தது. அம்மன் எதிரே கற்பூரம் காட்டியபோதுகூட டோக்கன் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். நீ வாசலில் நின்ற காலத்தில் எனக்குச் செருப்பு ஞாபகம் வந்ததே கிடையாது.

அப்போது பிடித்தது உன் ஞாபகம். உன் ஞாபகம் வந்தால் கூடவே வயிற்றெரிச்சலும் வரும். செத்துப்போனவள் மேல் பொறாமைப்படுகிறவளை ஊரில் என்னவென்று சொல்வார்களோ, சொல்லிவிட்டுப் போகட்டும். நீ இருந்தபோது உன் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நாம் வேலை பார்த்த கம்பெனி உனக்கு மறந்திருக்காது. தகரக் கொட்டகை, மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற வேலை, முழுக்கப் பெண்கள். நான் திருத்தணிப் பக்கத்திலிருந்து அம்பத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதுசு. நீ பக்கத்திலிருக்கும் மேனாம்பேட்டிலேயே பிறந்து மேனாம்பேட்டிலேயே கட்டிக்கொடுத்தவள். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவள். வந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லாரும் அவரவர் மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். நீ மட்டும் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுவிட்டுக் கையைக் கழுவினாய்.

"பொட்டு வைக்கலையா யக்கா?"

"எண்ண உட்டாச்சிமே. அதுக்கு அதான் வோணும்."

சொல்லிவிட்டுப் பொரியிலும் சுண்டலிலும் இரண்டு பங்கு வாங்கித் தின்றாய். உன் அப்பா கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டங்களுக்குப் போவாராம், பக்கத்து மிஷின்காரி சொன்னாள். நீ சட்டையும் போடவில்லை, கூட்டத்துக்கும் போகவில்லை, யாரிடமும் வாதாடவும் இல்லை. ஏன் சாமி கும்பிடுவதில்லை என்று நானே ஒரு நாள் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தேவப்படலடி" என்றாய். அந்த ஒரு வார்த்தை என்னை இத்தனை வருஷம் தூங்கவிடவில்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் தேவைப்பட்டது அக்கா. பால் பொங்கி வழிந்தால் தேவைப்பட்டது. பல்லி கத்தினால் தேவைப்பட்டது.

எனக்குக் குழந்தை இல்லை. அதுதான் என் வேண்டுதல், வேறு என்ன இருக்கப்போகிறது. மாமியார் ஒரு கோயில் சொல்வாள், எதிர்வீட்டுக்காரி இன்னொரு கோயில் சொல்வாள். திருவேற்காட்டில் வேப்பிலைப் புடவை, பூந்தமல்லி தர்காவில் தாயத்து, ஆவடி மாதா கோயிலில் மெழுகுவத்தி. எங்கள் வீட்டுக்காரர் கூட வரமாட்டார், வந்தது நீ. வானகரத்தில் பஸ் மாறுகிற இடத்தில் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, கூட்டத்தில் இடித்து ஏறி எனக்கு சீட் பிடித்து, வாசல் வரைக்கும் வருவாய். அதற்கு மேல் ஓரடி வைக்கமாட்டாய்.

"நீ போய் நல்லா கேட்டுகினு வா. நான் செருப்ப பாத்துக்கறேன்."

என் செருப்பு மட்டுமா? "யக்கா, கொஞ்சம் பாத்துக்க" என்று போகிற வருகிறவர்கள் எல்லாரும் உன் காலடியில் விட்டுவிட்டுப் போவார்கள். நான் உள்ளே இடிபட்டு, மிதிபட்டு, பூசாரியிடம் பேச்சு வாங்கி, பின்னால் நிற்கிறவள் முழங்கையால் குத்துவதையும் பொறுத்துக்கொண்டு வெளியே வருவேன். வந்து பார்த்தால் நீ செருப்புக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து வறுத்த கடலையை ஊதி ஊதித் தின்றுகொண்டிருப்பாய். உன் முகத்தைப் பார்த்தால் உள்ளே போய் அம்மனைப் பார்த்தவள் நீதான் என்று யார் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆடியில் கூழ் ஊற்றினால் முதல் ஆளாகச் சொம்பை நீட்டுவாய். "சாமியே இல்லைங்கிறே, கூழ் மட்டும் வேணுமா?" என்றால், "சாமி கீதோ இல்லியோ, கூழ் கீது பாரு" என்று கருவாட்டைக் கடித்துக்கொள்வாய். திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் கம்பியில் தலையை வைத்துத் தூங்கிவிடுவாய். நான் வேண்டிக்கொண்டதில் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று அம்பத்தூர் வரைக்கும் விழித்துக்கொண்டு வருவேன்.

உன்னிடம் எதைப் பார்த்தாலும் பொறாமைதான். நீ கட்டுகிற மல்லிகைச் சரத்தைப் பார்த்துக்கூட. என் வீட்டில் முதல் முழம் சாமி படங்களுக்குப் போகும், மீந்ததுதான் என் தலைக்கு. உன் வீட்டில் பூத்தது முழுக்க உன் கொண்டைக்கு. நல்ல மீன் கிடைத்தால் அன்றைக்கு என்ன கிழமை என்று பார்க்கமாட்டாய்.

அந்தப் போற்றிக் கூத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் நூற்றெட்டுப் போற்றி சொல்வதாக வேண்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஏது நேரம்? என் மிஷினில் சுற்றை எண்ணுகிற சக்கரம் கெட்டுக் கிடந்ததால் வாயால்தான் எண்ணுவேன். எப்படியும் எண்ணத்தானே வேண்டும், ஒரு சுற்றுக்கு ஒரு போற்றி சொன்னால் காயிலும் ஆயிற்று, வேண்டுதலும் ஆயிற்று என்று பெரிய புத்திசாலியாட்டம் ஆரம்பித்தேன். நூற்றெட்டு முடிந்ததும் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்படியே கம்பியை வெட்டிவிட்டு அடுத்த காயிலை எடுத்தேன். காயிலுக்கு நூற்றிருபது சுற்று வேண்டும். மதியத்துக்குள் ஒரு கூடை முழுக்கக் குறைச்சல் காயில். சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் கத்தினார்.

நீ சோற்று மூட்டையைக்கூடப் பிரிக்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். பிரித்துப் பிரித்துச் சுற்றிக் கொடுத்தாய்.

"சாமிக்குச் சொல்றதுன்னா சாமிக்குச் சொல்லு. காயில் சுத்தறதுன்னா காயில் சுத்து. ரெண்டுத்தையும் ஒண்ணா போட்டுக் கொயப்பிக்காத."

திட்டு வாங்கிய அழுகையில் நான் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை கம்பியில் இருந்தது, கண் கம்பியில் இருந்தது, மனசும் அங்கேயே இருந்தது. என் மனசு ஒரு நாளும் அப்படி ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. சாமி அறையில் இருந்தால் அடுப்பில் இருக்கும், அடுப்பில் இருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமையில் இருக்கும். உனக்கு உதவி செய்யத் தெரிந்ததைவிட அப்படி உட்காரத் தெரிந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஓர் ஆசை வந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ கையெடுத்துக் கும்பிடுவதைப் பார்த்துவிட வேண்டும். உனக்கும் தேவைப்படுகிறது என்று தெரிந்துவிட்டால் என் வயிறு குளிர்ந்துவிடும். அதற்குப் பிறகு அம்மன் எதிரே நின்று குழந்தை கேட்டபோதெல்லாம் கூடவே இதையும் கேட்டேன்.

ஒரு வருஷம் ஆடிக் கடைசி வெள்ளி. கோயிலில் குறி சொன்னவள் என் ஜாதகத்திலேயே பிள்ளை இல்லை என்று பட்டென்று சொல்லிவிட்டாள். வெளியே வந்தால் நீ வழக்கம்போலக் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ.

"உனக்கென்ன யக்கா, கல்லுக்குண்டு மாதிரி பொண்ணு இருக்கு. குடிக்காத புருஷன். எல்லாம் இருக்கிறவளுக்குச் சாமி எதுக்கு? என் இடத்துல இருந்து பாரு, அப்ப தெரியும்."

நீ கோபப்படவில்லை. பொட்டலத்தை மடித்தாய். யாருடைய செருப்பையோ காலால் ஒதுக்கி எனக்கு உட்கார இடம் கொடுத்தாய்.

"பொண்ணுக்கு முன்ன ஒரு பையன் கீந்தான்டி. ரெண்டு வயசு. காச்சல்ல பூட்டான்."

இத்தனை வருஷப் பழக்கத்தில் நீ சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கொயந்த வோணும்னு நீ கோயில் கோயிலா சுத்திகினு கீறே. உன்கிட்ட வந்து இத்தச் சொல்லிகினு இருப்பனா?"

"அப்பக்கூட நீ சாமிகிட்ட போகலையா?"

"போய் இன்னாத்த கேக்கறது? ஏன் எட்த்துகினேன்னா? யாரும் எட்த்துக்கலடி. காச்சல் வந்துச்சி, பூட்டான். ரொம்ப நாள் அய்துகினே கீந்தேன். ஆனா இருந்த ரெண்டு வருசமும் நல்லா கீந்தான். இட்லிய கையில புடிச்சிகினு தெருவெல்லாம் ஓடுவான். அது என்கிட்டதான் கீது."

அதற்குள் யாரோ வந்து செருப்பைக் கேட்க, தேடி எடுத்துக் கொடுத்தாய்.

என் பொறாமைக்கு அதுவரைக்கும் ஒரு நியாயம் இருந்தது அக்கா. உனக்கு வாழ்க்கை சுளுவாக அமைந்துவிட்டது, அதனால் சாமி இல்லாமல் ஓட்டுகிறாய் என்று. அன்றைக்கு அந்த நியாயமும் போயிற்று. பொறாமை மட்டும் போகவில்லை, இன்னும் கூடிற்று. எனக்கு அப்படி ஒரு பிள்ளை பிறந்து போயிருந்தால் அழுவதோடு விட்டிருப்பேனா? எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் விட்டேன், யார் கண் பட்டது, போன ஜென்மத்தில் யார் குடியைக் கெடுத்தேன் என்று சாகிற நாள் வரைக்கும் துருவிக்கொண்டிருப்பேன். உனக்கு அழுகை மட்டும்தான் இருந்தது. அழுது முடித்ததும் அந்தப் பிள்ளை முழுசாக உன்னிடம் வந்துவிட்டான். பிறக்காத பிள்ளையோடுகூட எனக்குச் சமாதானம் இல்லை.

கம்பெனியை மூடினார்கள். நாங்கள் முகப்பேரில் ஹவுசிங் போர்டு வீட்டுக்குப் போனோம். குழந்தை வரவில்லை, வேண்டுதல் மட்டும் பழக்கமாக நின்றுவிட்டது. நீ முகப்பேருக்கே வந்து என்னை அழைத்துக்கொண்டு திருவேற்காட்டுக்குக் காவலுக்கு வருவாய். போன வருஷம்தான் அதுவும் நின்றது. வயிற்றில் கட்டி என்றார்கள். அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான் தினம் வந்தது உன் மேல் இருந்த பிரியத்தால்தான். ஆனால் எதற்கு மறைக்க வேண்டும், இன்னொரு காரணமும் இருந்தது. இப்போதாவது கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன். வலி வந்தால் பல்லைக் கடித்தாய், நர்ஸைக் கூப்பிட்டாய், உன் பெண்ணைக் கெட்ட வார்த்தையில் திட்டினாய். சாமியைக் கூப்பிடவில்லை. கடைசியாகப் பார்த்த அன்று என் கையில் குங்குமப் பொட்டலம் இருந்தது. மூடி வைத்திருந்தும் நீ பார்த்துவிட்டாய்.

"கையில இன்னாடி?"

"ஒண்ணுமில்ல யக்கா."

"திருவேற்காட்டு குங்குமமா? வெச்சி உடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்கு மனசு ஆறும்னா வெச்சி உடுடி. எனக்கு இன்னா நஷ்டம்?"

சொல்லிவிட்டு நெற்றியைக் காட்டினாய். எத்தனை வருஷமாக அந்த நெற்றிக்குக் காத்திருந்தேன். விரலில் குங்குமத்தைத் தொட்டும்விட்டேன். கை மேலே போகவில்லை. அந்த நிலைமையிலும் கேட்கிறவள் நானாகவும் கொடுக்கிறவள் நீயாகவும் இருந்தோம். விரலில் ஒட்டியதை என் நெற்றியிலேயே இட்டுக்கொண்டேன். "உனக்குத்தான் நல்லா கீது" என்றாய். பிறகு வறுத்த கடலை கிடைக்குமா என்று கேட்டாய், டாக்டர் தரக்கூடாது என்று சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் போய்விட்டாய். ஐயர் இல்லை, சங்கு இல்லை, உன் பெண் ஒரு மல்லிகைச் சரத்தை முழுசாக உன் தலைமாட்டில் வைத்தாள். நான் வீட்டுக்கு வந்து, சாவுக்குப் போய் வந்தால் செய்ய வேண்டிய முறைப்படி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அழுதேன்.

நேற்று உள்ளே நின்றபோது பிள்ளை கேட்கவில்லை. அந்த வயது தாண்டிவிட்டது. முடிச்சைப் பிடித்துக்கொண்டு அம்மனிடம் ஒன்றுதான் கேட்டேன்: "அவ கேக்காமலே அவளுக்குக் கொடுத்தியே தாயே, கால் கடுக்க நின்னு கேக்கிறேன், எனக்கும் அதைக் கொடு." உனக்கு இது காதில் விழுந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். எனக்குக் கேட்க வேறு ஆள் தெரியாது அக்கா.

வெளியே வந்து டோக்கனைக் கொடுத்துச் செருப்பை வாங்கிக்கொண்டேன். கால் வலித்தது. நீ உட்காருகிற படியிலேயே உட்கார்ந்து கடலை வாங்கினேன். இரண்டு வாய் போட்டிருப்பேன். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி அவசரமாக வந்தாள். தடுப்பு ஆளிடம் கூட்டமாக இருந்தது. "யக்கா, கொஞ்சம் பாத்துக்கறியா?" என்று என் காலடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடிவிட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் விட்டுவிட்டுப் போனாள்.

பார்த்துக்கொண்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. கடலை சூடாக இருந்தது. செருப்புகள் சின்னதும் பெரிதுமாகக் கிடந்தன. உள்ளே மணி அடித்தபோது எழுந்து கும்பிடவில்லை, செருப்பை விட்டுவிட்டு எப்படி எழுந்திருப்பது? அந்தப் பெண் திரும்பி வந்து சிரித்தபோதுதான், அவ்வளவு நேரமும் நான் எதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

அடிப்பாவி, இத்தனை வருஷமும் என்னை உள்ளே அனுப்பிவிட்டு இதை நீ ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தாயா?