அமலின் நட்சத்திரம்

நவம்பர், செவ்வாய் இரவு

சிங்கப்பூரிலிருந்து அவர் அனுப்பிய பார்சல் இன்று வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். பணம் கட்டினால் ஒரு நட்சத்திரத்துக்கு நாம் சொல்லும் பெயரை வைத்து அச்சடித்துத் தருகிறார்களாம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு நாங்கள் பேசி வைத்திருந்த பெயரைக் கொடுத்திருக்கிறார். அமல்.

போன ஞாயிறு கரு கலைந்துவிட்டது. அவருக்குத் தெரியாது. "இப்பச் சொன்னா அங்க ஒடஞ்சு போயிருவான். கிறிஸ்துமசுக்கு வரட்டும்" என்று அத்தை தடுத்துவிட்டார்.

சாயங்காலம் போன் செய்தார்.

"நட்சத்திரம் எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"போனை வயித்துக்கிட்ட வச்சு அமலுக்கு வாசிச்சுக் காட்டு. நானும் கேக்குறேன்."

எதிரே நின்ற அத்தை, சொல்லாதே என்று தலையை ஆட்டினார். வாசிக்கத் தொடங்கினேன். பெயர் வந்த இடத்தில் அழுதுவிட்டேன்.

"ஏன்டி அழுகுற?"

"நம்ம அமல் இல்லைங்க. போயிருச்சு."

அந்தப் பக்கம் பஸ் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"லைன்ல இருக்கீகளா? ஏதாவது பேசுங்க."

போன் கட்டாகிவிட்டது. அதன்பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. அவருடன் தங்கியிருப்பவர்களின் நம்பர்கூட என்னிடம் இல்லை.

மாதாவே, அவர் பக்கத்தில் இந்த நேரம் யாராவது இருக்கட்டும்.