ஜீப்பில் வளரும் நாவல்

ஷாலினி அப்பாவுக்கு,

நாங்கள் நன்றாகவே இருக்கிறோம். இந்த ஏலக்காய் எடுப்பு முடிவதற்குள் ஒரு நாவலை எழுதி முடிப்பதாக, தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பில் பெண்களிடம் சவால் விட்டிருக்கிறேன். முதல்நாள் எழுதியதை, மறுநாள் காலை ஜீப் போடிமெட்டு ஏறுவதற்குள் வாசித்துக் காட்ட வேண்டும். எழுதாமல் போனால் பின்னால் தொங்கிக்கொண்டுதான் வர வேண்டும். இதுவரை ஒருநாளும் தொங்கவில்லை.

நேற்று பக்கத்தில் இருந்த மொக்கம்மாள் அக்கா கேட்டார்: "ஏத்தா, அந்தப் புள்ளய விட்டுட்டுத் திருப்பூர் போன புருசன் திரும்பி வருவானா, மாட்டானா? வெரசாச் சொல்லு."

"இன்னும் எழுதலக்கா" என்றேன்.

வரட்டும் என்று பாதிப் பேர், வேண்டாம் என்று பாதிப் பேர், ஒரே சண்டை. டிரைவர் மட்டும், போனவன் மேல் தப்பில்லை என்று உங்கள் பக்கம்.

கடைசி அத்தியாயம்தான் மிச்சம். வருவதென்றால் அதற்குள் வாருங்கள். எழுதி முடித்ததைத் திருத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

உங்கள் மகளின் அம்மா